ஆசூர்கானாவுக்குத் தேங்காயோடு போனேன், அய்யா

ஒருநாளும் என்னைக் கைநீட்டி அடிக்காத அய்யாவுக்கு,

1958 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தேகால் மணி. கூடத்தில் நான் எண்ணிய வரை அறுபத்திரண்டு பேர். அறுபத்தோரு பேர் கறுப்புச் சட்டை. மிச்சம் ஒருவன் மாம்பழ நிறச் சட்டையில், கையில் தேங்காயோடு நின்றான். அவன் உங்கள் மகன்.

ஊர் ஹைதராபாத். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இங்கே ஒரு மோட்டார் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். நான் போன இடத்துக்கு ஆசூர்கானா என்று பெயர். பழைய நகரத்துக்குள் இருக்கிறது, கட்டி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கர்பலாவில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் கொல்லப்பட்ட இமாம் உசேனுக்காக ஷியா முஸ்லிம்கள் மொகரம் மாதத்தில் கூடி அழுகிற துக்க வீடு. இதெல்லாம் இப்போது எழுதத் தெரிகிறது. பத்தேகால் மணிக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த மொகரம் நம்ம ஊர் அல்லாசாமி பண்டிகைதான். நம்ம ஊரில் முஸ்லிம் வீடே கிடையாது. இருந்த ஒரு குடும்பமும் நீங்கள் பிறக்கும் முன்னே தொண்டிப் பக்கம் போய்விட்டது என்பார்கள். போகும்போது பஞ்சாவை, அந்த ஐந்து விரல் பித்தளைக் கையை, நம்ம வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து பத்தாம் நாள் விடியக்காலம் அதைத் தூக்கிக்கொண்டு பூக்குழி இறங்குவது நம்ம வீட்டு முறை. தேங்காய் உடைப்பார்கள். பொரிகடலை பங்கு வைப்பார்கள். ராட்டினம் வரும், வளையல் கடை வரும். அல்லாசாமியைப் பார்க்கப் புதுச்சட்டை போடாமல் யார் போவார்கள்?

உங்கள் கருமாதி அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் சொல்கிறேன். பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஆரம்பித்தார்.

"துக்க வீடுப்பா. வருசம் திரும்புற மட்டும் இந்த வீட்டு ஆளு சாமி தூக்கப்படாது. இந்தத் தடவை எம் மகன் தூக்கட்டும்."

ஊரே தலையாட்டியது. அது எல்லாச் சாமிக்கும் உள்ள வழக்கம்தானே. ஆத்தா மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அடுத்த வருசம் திரும்பக் குடுப்பீகளா?"

சித்தப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "மதினி, நீங்களும் இனிமே குழிப் பக்கம் வரப்படாது. தெரியாததா உங்களுக்கு?" என்றார்.

நீங்கள் குழியை விட்டு ஏறியதும் உங்கள் காலில் பால் ஊற்றுவது ஆத்தா. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள்தான். அந்த ஒரு சொல்லில் அதுவும் போனது. ஆத்தா எச்சில் இலை எடுக்கப் போய்விட்டாள். நான்? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. நெருப்பில் இறங்கவேண்டாம், சேரப்போகிற பட்டறையில் லீவு கேட்கவேண்டாம், யாரோடும் வாதாடவேண்டாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பட்டறையில் என் பக்கத்து மேசை அப்பாஸ். ராயப்பேட்டையில் வளர்ந்தவன், தமிழ் பேசினால் மெட்ராஸ் ரிக்‌ஷா ஸ்டாண்டே எதிரில் நிற்கும். "எங்க ஆசூர்கானாவுல மொகரத்துக்குக் கட்ன லைட்டு பீஸ் போய்கினே கீது, வந்து பாருப்பா" என்று கூப்பிட்டான். போனேன். வாசலிலேயே மறித்தான்.

"இன்னாப்பா காளி, கண்ணாலத்துக்கா வந்துகீறே?"

"அல்லாசாமியப் பாக்க வெறுங்கையோடவா வாரது?"

"எந்தச் சாமி? தேங்காய எங்க ஒடைக்கப் போறே, என் மண்டைலயா? பைக்குள்ள போடு. எல்லாரும் பாக்குறாங்கோ."

"பூக்குழி எங்கன இருக்கு?"

"வாய மூடுப்பா. உள்ளே அழுதுகினு கீறாங்கோ."

பீஸ் விஷயம் சின்னது. ஒரே கம்பியில் அளவுக்கு மேல் பல்பு தொங்கியது. இரண்டாகப் பிரித்துவிட்டேன். பிறகு கிளம்பியிருக்கலாம், ஆனால் சுவர் இழுத்தது. மஞ்சள், நீலம், பச்சை என்று வழுவழு ஓட்டுத் துண்டுகளைப் பதித்து நெருப்புக் கொழுந்து மாதிரியே செய்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்குக் கீழே மட்டும் ஓடு இல்லை, வெறும் பெயிண்ட். எப்போதோ ஆறு பெருகி உள்ளே வந்து தின்றுவிட்டதாம். நல்ல வேலை, மோசமான ஒட்டு. என் கண் அங்கேதான் போனது. அது என் கண்ணின் கோளாறு.

அப்புறம் நம்ம பஞ்சாவைப் பார்த்தேன். ஒன்றல்ல, வரிசையாக. அதே விரித்த கை. பட்டுத் துணி சுற்றி, மல்லிகைச் சரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். எதிரே ஒருவர் பாடுவது போலவும் சொல்வது போலவும் ராகம் இழுத்தார். அறுபது கைகள் ஒரே நேரத்தில் நெஞ்சில் விழுந்தன. மாவு மில் பெல்ட் ஓடும்போது வருகிற மாதிரி ஒரே சீரான சத்தம். பக்கத்தில் ஒரு தடித்த மனிதர், மீசை உள்ளவர், குழந்தை போல அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. அதற்குத்தானே வந்திருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

கறுப்புச் சட்டை, வாராத தலை, சிரைக்காத முகம். சிலர் அன்று பல்லில் தண்ணீர்கூடப் படவிடவில்லையாம். அய்யா, அந்தப் பத்து நாளும் நீங்கள் இருந்ததும் இப்படித்தானே? எண்ணெய் வைக்கமாட்டீங்க. பாயை உதறிவிட்டு வெறுந்தரையில் படுப்பீங்க. சாமிக்கு விரதம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் செத்தபோது நானும் அப்படித்தான் கிடந்தேன், அதற்குப் பெயர் துக்கம் காப்பது. உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா? தெரிந்துதான் ஊருக்குச் சொல்லாமல் இருந்தீர்களா? பாலிடெக்னிக் முதல் வருஷ லீவில், மரக்கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், சட்டென்று நடந்தால் யார் காலும் வேகாது என்று உங்களிடம் பாடம் எடுத்தேன். "சுடாதுன்னு எனக்கும் தெரியும்லே. சுடுதான்னு பாக்குறதுக்கா எறங்குறேன்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீங்க. பின்னே எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதில் வராத கேள்வி எனக்குப் பிடிக்காது.

கொஞ்ச நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போக ஒரு காரணம் வேண்டும். சித்தப்பா சொன்னதுதான் வாயில் வந்தது.

"அப்பாஸ், நான் உள்ள வந்ததே தப்பு. எங்கய்யா செத்து அஞ்சு மாசம்தான் ஆகுது. துக்க வீட்டுக்காரன் வரக்கூடாது."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னாது? சாவு வூட்டுக்காரன் வரக்கூடாதா? அப்போ யார்தான் வர்றது, புதுமாப்ளையா? எங்கம்மா செத்தப்ப நான் மொத மொத வந்தது இங்கதான்பா."

அவன் சும்மா இருக்கவில்லை. அழுதுகொண்டிருந்த அந்த மீசைக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவர் என் சட்டையைப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில், பஞ்சாக்களுக்கு நேர் எதிரே, தான் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார். அவர் பின்னால் போய்விட்டார்.

"இன்னாத்துக்கு?" என்று அப்பாஸ் மாதிரியே கேட்டேன்.

"புதுசா எழவு கொடுத்தவன் முன்னால குந்தட்டும்னாரு."

நான் அழவில்லை. பொய் எழுதமாட்டேன். ஆனால் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், மணி பார்க்கவில்லை. வண்டிச் சட்டத்தில் ஒரு போல்ட் தலைகீழாக மாட்டியிருந்தால் தெரியுமே, அது போல நம்ம ஊரில் என்ன தப்பாக மாட்டியிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு சாவுக்குத் துக்கம் காக்க வைத்த பத்து நாளைப் பண்டிகை ஆக்கினோம். பண்டிகை ஆக்கியதும் பண்டிகைக்கு உள்ள தீட்டெல்லாம் தானே வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியைப் பார்த்து, துக்கத்துக்கு நீ வராதே என்று சொல்லிவிட்டோம். சித்தப்பா கெட்டவர் இல்லை. ஊரும் கெட்டதில்லை. யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நான் யோசித்திருக்கலாம், படித்தவன்.

ஊர்ச் செய்தி: கண்மாயில் தண்ணீர் இல்லை. ராமநாதபுரம் ரோட்டில் கரண்டுக் கம்பம் நட்டுக்கொண்டு வருகிறார்கள். மயிலைக் காளை இப்போது சித்தப்பா தொழுவத்தில், நன்றாக மேய்கிறதாம். ஆத்தா அந்தப் பால் செம்பைப் பரணில் போட்டுவிட்டாள் என்று தங்கச்சி எழுதியிருந்தாள்.

பத்தாம் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்களுக்கு முன்னே சித்தப்பா படிக்கட்டும். உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது:

1. நாளைக் காலை லீவு கேட்பேன். கொடுக்காவிட்டால் சொல்லிவிட்டுப் போவேன்.

2. மதராஸ் போய் அங்கிருந்து ராமநாதபுரம் ரயில் பிடிப்பேன். வழியில் எங்கும் இறங்கமாட்டேன்.

3. சித்தப்பாவிடம் முதலில் தனியாகப் பேசுவேன். ஊர் முன்னால் வைத்து அவரைத் தலைகுனிய வைக்கமாட்டேன். ராட்டினக்காரனையும் விரட்டமாட்டேன், பிள்ளைகள் சுற்றட்டும்.

4. பஞ்சாவை நான் தூக்குவேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதீங்க, வரவில்லை. எழவு கொடுத்தவன் என்ற ஒரு தகுதி இருக்கிறது.

5. பரணிலிருந்து செம்பை நானே இறக்குவேன். ஆத்தா அதோடு குழிக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால் நிற்பாள். அவளை யாராவது பின்னால் போகச் சொன்னால் நான் நெருப்பில் இறங்கமாட்டேன், பஞ்சாவைக் கீழேயும் வைக்கமாட்டேன். அவளுக்கு இடம் விடுகிற வரைக்கும், கரி ஆறிச் சாம்பலானாலும் சரி, அங்கனயே நிற்பேன்.

உங்க தலைப்பிள்ளை,
ஆத்தாவின் மகன்,
காளிமுத்து