இந்த வாரம் இலை

செவ்வாய், இரவு.

மகளுக்கு இரண்டரை வயது. இந்த வாரம் வீட்டில் இலையைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது என்று நான்தான் முடிவு செய்தேன். வேலை முடிந்து மலையிலிருந்து நான் மடியில் கொண்டுவந்த தேயிலையை அவள் பெரிது, சிறிது என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்த நாத்தனார், "என்ன அண்ணி, இப்பவே கொழுந்தெடுக்கப் பழக்குறீங்களா?" என்று சிரித்தாள்.

அவள் போனதும் பிள்ளை ஓர் இலையை விளக்குக்கு நேரே பிடித்து, "அம்மா, உள்ள கோடு கோடா இருக்கு" என்றாள்.

பதினோரு வருடமாக இந்த இலையைப் பறிக்கிறேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பார்த்தால் பறிக்கும் கிலோ குறையும், கூலியும் குறையும். என் பிள்ளை நின்று பார்க்கட்டும். பறிக்க அவளை அனுப்பப் போவதில்லை. யார் சிரித்தாலும் சரி, நாளைக்கும் இலைதான்.