வார்டன் கண்ட ஸ்கேன் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? எல்லோரும் தூங்கிய பிறகு, விடுதிக் குளியலறை வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. வடக்கே வேலைக்குப் போனபோது, வெந்நீர் ஆழ்துளைக் கிணற்றில் கேமரா இறக்கி நீங்கள் எடுத்த படம் என் பெட்டியில் இருந்தது. வார்டன் அதை வயிற்று ஸ்கேன் என்று நினைத்துவிட்டார்.

"எத்தனாவது மாசம் புள்ள? உண்மையச் சொல்லு!"

"அது பாறைங்க மேடம். அலையாட்டம் இருக்கறது விரிசலுங்க. சுடுதண்ணி அது வழியாத்தான் வருதுங்க."

அவர் நம்பவில்லை. மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் டி.சி.யாம். நான் எழுதித் தரவில்லை.

திங்கட்கிழமை உங்களை வரச் சொல்வார்கள். எனக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். வரும்போது ஒரு போர்வை, தேங்காயெண்ணெய், அப்புறம் கேமரா கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் கிணற்றிலேயே இறக்கி அவருக்குக் காட்டுவோம். வெந்நீர் இருக்காது, விரிசல் இருக்கும்.

வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

கோகிலவாணி