அப்பாக்களுக்குச் சம்பளச் சீட்டு வந்த மாதம்

அண்ணே,

மலைக்கோயில் தண்ணீர்மலையானைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை இந்தத் தீவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அறவே நம்பமாட்டார்கள். நீங்கள் நம்பலாம், நீங்கள் கூடவே இருந்தீர்கள். அதுவும் இல்லாமல், எதிர்த்துப் பேச இப்போது உங்களுக்கு வழியும் இல்லை.

இன்று காலை ஆயர் ஈத்தாம் சந்தையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி துடித்தது. "அன்புள்ள இராமையா, உங்கள் இம்மாதச் சம்பளச் சீட்டு தயார்." இராமையா என் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒற்றைக் கையால் ஒரு கப்பலையே கரைக்கு இழுத்துக் கட்டுவார். சரி, படகு. அவர் போய் முப்பது வருடமாகிறது. ஆனாலும் மாதம் தவறாமல் பாயான் லெப்பாஸில் நம் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சம்பளச் சீட்டு வாங்குகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கோப்பிக் கடைச் சீனப் பெரியவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடினார். கண்டுபிடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு ஆறிவிட்டது.

நம் தொழிற்சாலையில் நான் சம்பளப் பிரிவின் மேலாளர், நீங்கள் தலைமைக் கிளார்க். பெயருக்குத்தான் அப்படி. என்னை யாருக்கும் தெரியாது. உங்கள் சன்னலை எல்லோருக்கும் தெரியும். சம்பள நாளில் அதற்கு முன்னால் நிற்கும் வரிசை விமான நிலையம் வரைக்கும் நீளும். வரிசை கலையட்டும் என்று கோலாலம்பூர் விமானம் இரண்டு தடவை காத்திருந்திருக்கிறது. சீட்டில் கணக்கு உதைக்கிறது என்று கொதித்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் சீட்டைத் தொடவே மாட்டீர்கள்.

"சாப்டியாம்மா?"

"சாப்பாடு கெடக்கட்டும்ண்ணே, ஓ.டி. கொறையுது."

"போன புதன்கெழம மழ. ஃபேக்டரி பஸ் லேட்டு. நீ அரை மணி கழிச்சுத்தான் கார்டு அடிச்ச. பஸ்ஸு மேல தப்பு, உன் மேல இல்ல. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன். போய் மொதல்ல சாப்புடு."

இரண்டாயிரம் பேருடைய மழையும் காய்ச்சலும் பிள்ளைப்பேறும் உங்கள் தலைக்குள் இருந்தன. இதில் மிகை கொஞ்சம்தான்.

இந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் என்னை ஒரு ஓட்டலுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியது. குளிரில் விறைத்து, வேளைக்கு நாலு கேக் தின்று திரும்பியபோது நான் பழைய ஆள் இல்லை. சம்பளத்தை நவீனமாக்க இம்மண்ணில் அவதரித்தவன். "இனிமேல் தாள் இல்லை, சன்னல் இல்லை, எல்லாம் கைப்பேசியில்!" என்று நான் முழங்கிய முழக்கத்தில் கொடிமலை ஏறும் ரயில் பாதி வழியில் நின்று காது கொடுத்தது. நீங்கள் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுலா தம்பி, எனக்கும் தோள் வலிக்குது" என்றீர்கள்.

மேலிடம் என் கையில் ஒரு காகிதமும் கொடுத்திருந்தது. புதிய முறை தவறில்லாமல் ஓட ஆரம்பித்ததும் சன்னலை மூட வேண்டும். சன்னலோடு உங்கள் வேலையும் போகும். ஓய்வு பெற உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. காகிதத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். உங்களிடம் சொல்லவில்லை.

எங்கோ குளிர் தேசத்தில் செய்த கணினி முறை அது. ஆளின் பெயரைத் தனியாகவும் குடும்பப் பெயரைத் தனியாகவும் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பின்னால் நிற்பது அப்பா. மகாமேதையான நான் ஒரு வினாடிகூட யோசிக்காமல், கடைசியில் இருப்பதே குடும்பப் பெயர் என்று தீர்ப்பளித்தேன். அந்த இயந்திரமோ மரியாதை தெரிந்தது. குடும்பப் பெயர் சொல்லித்தான் விளிக்கும். முதல் சம்பள நாள் காலை, தொழிற்சாலையில் இருந்த தமிழர் அத்தனை பேரின் தகப்பன்மாருக்கும் அன்புள்ள என்று கடிதம் போனது. மலாய்க்காரர்களுக்கும் அதே கதிதான். சீனர்களுக்கு வேறு விதமான குழப்பம். அதை அவர்களே எழுதட்டும்.

அன்றைக்கு வந்த கூட்டத்தில் தீவே ஒரு பக்கம் சாய்ந்தது. முதல் ஆளாக வந்தவர் சோதனைப் பிரிவுத் தங்கம்மா அக்கா.

"என்னண்ணே இது, எங்கப்பாவுக்கு ஓ.டி. போட்டிருக்கீங்க! உசுரோட இருந்தப்பவே வேலைக்குப் போகாத மனுசன்லா அவரு!"

"இப்பவாவது திருந்தினாரேன்னு சந்தோசப்படுங்கக்கா" என்றேன் நான்.

"உங்கள யாரு கேட்டா? நான் அண்ணன்கிட்ட பேசுறேன்."

அவருக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் நின்றார். தன் முறை வந்ததும் கைப்பேசியைச் சன்னலுக்குள் நீட்டினார். "என்னுத மாத்தாதீங்கண்ணே. எங்கப்பாவுக்கு யாரும் கடுதாசியே போட்டதில்ல. அன்புள்ளன்னு வேற போட்டிருக்கு." நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ஒரு மாசம் இருக்கட்டும். அப்புறமா மாத்திக்கலாம்" என்று அவரிடம் மெதுவாகச் சொன்னீர்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் நீங்கள் சன்னலுக்குள் உட்காரவே இல்லை. பட்டியலை அட்டையில் செருகிக்கொண்டு கேன்டீன், பஸ் நிற்கும் இடம், ஒவ்வொரு உற்பத்தி லைன் என்று நடந்தீர்கள். "நானே உத்தேசமாகப் பிரித்துப் போட்டுவிடுகிறேனே" என்றேன். "நீ உத்தேசமா செஞ்சுதானடா இத்தன பேரு அப்பன் எந்திரிச்சு வந்தான்? ஆளக் கேக்கணும் தம்பி, உன்ன எப்படிக் கூப்புடுறதுன்னு" என்றீர்கள். ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி வந்தீர்கள். நான் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு பெயர் சரியாகும்போதும் நீங்கள் வெளியே போகும் நாள் ஒரு அடி கிட்டே வந்தது. அது எனக்குத் தெரியும். நீங்களோ, விட்டுப்போன பெயர்களைத் தேடி இன்னும் வேகமாக நடந்தீர்கள்.

என் பெயரை மட்டும் மாற்றவிடவில்லை. "உங்கப்பா இருக்கட்டும்லா. உங்க குடும்பத்துல ஒருத்தராவது ஒழுங்கா வேல செய்யட்டும்."

ஒரு மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டீர்கள். "இது முடிஞ்சா எனக்கு என்ன வேல தம்பி?"

அண்ணே, அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் இருக்கிறதே. "ராஜா வேல அண்ணே! கடலப் பாத்த ரூமு, ரெண்டு ஏர்கான், கதவு தெறக்க ஒரு ஆளு, மூட ஒரு ஆளு!" நீங்கள் சோறு சிந்தச் சிரித்தீர்கள். "ஒரு ஏர்கான் போதும்டா" என்றீர்கள். அதை நீங்கள் கொஞ்சம் நம்பிவிட்டீர்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மூன்றாம் மாதம் ஒரு தவறும் இல்லாமல் ஓடியது. உங்களை மேலே கூப்பிட்டார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராக என் கண்ணாடி அறைக்கு வந்தீர்கள். அப்போது நான் ஃபோனில் இருந்தேன். உங்களுக்காக நிறுவனத் தலைவரோடு போராடிக்கொண்டிருந்தேன். "அவர் போனால் நானும் போவேன், என்னோடு இந்தக் கட்டடமும் வரும்!" என்று நான் கர்ஜித்ததில் கண்ணாடி அதிர்ந்தது, ஏழு கடல் தாண்டி அந்தத் தலைவர் நாற்காலியிலிருந்து உருண்டார். நீங்கள் கதவைக் கொஞ்சம் திறந்து, "பேசு தம்பி, நான் அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு மூடினீர்கள்.

உங்கள் பிரிவுபசாரத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்: ஆயிரம் தவில், சிங்க நடனம், பாலத்தை அரை நாள் மூடினார்கள். புதுப் பிள்ளைகள் சிரித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நீங்கள் பத்து காவான் என்ற ஊரில் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பாலத்தைக் கடந்தால் முக்கால் மணி நேரம். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் கடக்கவில்லை. உங்கள் காரியத்துக்கு மகள் சொல்லி அனுப்பியபோதுதான் அந்த வீட்டுக்கு முதல் தடவை வழி கேட்டேன்.

நம் முறை இப்போது பிசகுவதே இல்லை. பிசகினாலும் யாரும் நேரில் வருவதில்லை. கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், இயந்திரமே பதில் சொல்லிவிடுகிறது. அதற்காக எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். உங்கள் சன்னலைப் பலகை வைத்து அடைத்து வர்ணம் பூசிவிட்டார்கள். சம்பள நாளில் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போவதுண்டு. வீட்டிலும் ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணே. தவில் இல்லை, சிங்கம் இல்லை. ஒரு பிஸ்கட் டின் கொடுத்தார்கள். அதற்கும் நான் போகவில்லை. அன்று ஃபோனில் தலைவரும் இல்லை. கண்ணாடி வழியாக நீங்கள் கடிதத்தோடு வருவதைப் பார்த்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாருமே இல்லை. நீங்கள் போன பிறகும் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

அந்த அறையில் நடந்ததாக நான் சொன்னதில் ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். நீங்கள் கோபமே இல்லாமல் கதவைத் திறந்து, அப்புறம் வருகிறேன் என்று சொன்னீர்கள். என் கதவை நான் இப்போது சாத்துவதில்லை.