உருகிய ஈயத்தின் நிறங்கள்

கேள்விக்காரி அம்மாவுக்கு வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். பத்திரிகை ஆசிரியருக்கும் வேண்டாம், உங்களுக்குத் தபால் பிரித்துக் கொடுப்பவருக்கும் வேண்டாம். அச்சில் போடவே போடாதீர்கள். பெயரை மாற்றிப் போட்டாலும் எங்கள் தெருவில் கண்டுபிடித்துவிடுவார்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். உறையில் என் முகவரி எழுதாததற்கு மன்னியுங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களை அப்பாதான் பிரிப்பார்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

எங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் ‘இது ஏன்?’ பக்கத்துக்கு ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். ஈயத்தை உருக்கிக் கசடை வழித்து எடுத்தவுடன் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, கொஞ்ச நேரத்தில் மஞ்சள், ஊதா, நீலம் என்று மாறுகிறது, அது ஏன் என்று. காற்று பட்டதும் அதன் மேல் ஒரு மெல்லிய தோல் படிகிறது, அது தடிக்கத் தடிக்க நிறமும் மாறுகிறது, சோப்புக் குமிழியில் தெரிவதும் இப்படித்தான் என்று பதில் எழுதினீர்கள். கடைசி வரியில், ‘கூர்மையான கண் உங்களுக்கு’ என்று பாராட்டினீர்கள். அந்த வாசகர்தான் என் அப்பா. பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டியிருக்கிறார். சரக்கு எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்த பிறகுதான் விலை பேச முடியும்.

எங்களுடையது பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை. வண்டி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உலையில் உருக்கி, கட்டிகளாக ஊற்றி விற்கிறோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு இதுதான் தொழில். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சாம்பல் நிறத் தூள் எங்கும் இருக்கும். அம்மா காலையில் துடைத்த ஜன்னலில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

எங்கள் வீட்டில் எதையும் வீணாக்க மாட்டார்கள். காலி பேட்டரிப் பெட்டிகளை ரம்பத்தால் பாதியாக அறுத்து, விளிம்பைத் தேய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார் அப்பா. உப்பு அதில்தான், சர்க்கரை அதில்தான், தம்பி குளிக்கும் தண்ணீரும் அதில்தான். தெருவில் எந்த வீட்டிலும் இப்படித்தான். உறுதியான பெட்டி, விழுந்தாலும் உடையாது என்று அம்மாவுக்குப் பெருமை.

தம்பிக்கு நாலு வயது ஆகப்போகிறது. உருண்டை என்று கூப்பிடுவோம். உங்களைவிட அதிகம் கேள்வி கேட்பான். பூனை ஏன் செருப்புப் போடவில்லை என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டான். அப்பா வேலை முடிந்து வந்ததும் அதே சட்டையோடு அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அவனும் அப்பாவின் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக்கொள்வான்.

இப்போது அவன் கேள்வி கேட்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாங்கள் கவனிக்கவில்லை, அமைதியான பிள்ளை ஆகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டோம். வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்கிறான். சரியாக வெளிக்குப் போவதில்லை. முகம் வெளுத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூனையைப் பார்த்து, அதை என்னவென்று சொல்வது என்பதே மறந்தது போல என் முகத்தைப் பார்க்கிறான்.

போன மாதம் நீங்கள் பழங்காலத்துப் பணக்காரர்களைப் பற்றி எழுதினீர்கள். திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சிப் பாகாக்கிக் குடித்தார்கள், ஈயம் கரைந்து இனிப்பு கூடியது, அவர்களுக்குத் தெரியாமலே உடம்புக்குள் சேர்ந்தது என்று. அப்பா வழக்கம்போலத் தேநீர் நேரத்தில் பட்டறையில் உரக்கப் படித்தார். ஆந்தை என்று ஒரு தொழிலாளி இருக்கிறார், அவரிடம் இருந்து எதுவும் தப்பாது. “அதான் மொதலாளி, நம்ம டீயில சர்க்கரை போடாமலே இனிக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரவு தனியாக மறுபடி படித்தேன். அதனால்தான் அவர்கள் அழிந்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கு அடுத்த வரியில், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஜன்னல் தூளை விரலில் எடுத்து நக்கிக்கூடப் பார்த்தேன். இனித்ததா என்று தெரியவில்லை. பயந்து வாயைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். “உங்க அப்பா இருபது வருஷமா அதுலயே கெடக்கறாரு, அவருக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இல்ல?” என்றாள். அப்பா இப்போதெல்லாம் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டாள். அப்பாவிடம் ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை. “படிக்கறது மார்க் வாங்க, பட்டறையை மூட இல்ல” என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின் தெருவில் ஒரு பட்டறையை அதிகாரிகள் வந்து பூட்டினார்கள். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பில் படித்தாள், இப்போது வருவதில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அறிவியல் டீச்சரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “இதெல்லாம் எங்கே பார்த்தே?” என்றார். புத்தகத்தில் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மழை வருவதால் உலையை உள்ளே கொண்டுவரப் போகிறார்கள். சமையலறைக்குப் பின்னால், தம்பி தூங்கும் இடத்துக்கு அடுத்து, தகரம் அடித்து மூடிய இடம். அடுத்த வாரம் மேடை கட்டுகிறார்கள். ஆந்தை செங்கல் சொல்லிவிட்டார். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். அந்த நிறங்களைப் பார்க்க எவ்வளவு குனிய வேண்டும் என்று அப்பாவை நீங்கள் கேட்டிருக்கலாம். கூர்மையான கண் என்று எழுதினீர்கள், மூக்கு எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. இப்போது கோபம் இல்லை. அப்பா நான் சொன்னால் நம்பமாட்டார், டாக்டர் சொன்னாலும் சந்தேகப்படுவார். நீங்கள் அச்சில் சொன்னால் நம்புவார்.

அதனால் இந்த உதவி வேண்டும். அந்த ஈயத்தைப் பற்றி இன்னொரு முறை எழுதுங்கள். எங்கோ தூர தேசத்தில் நடப்பது போல எழுதுங்கள். விஷம் என்று தலைப்பில் போடாதீர்கள், பக்கத்தை மடித்துவிடுவார். நிறங்களில் இருந்து தொடங்குங்கள். முன்பு கேட்ட வாசகரை ஒரு வரி பாராட்டுங்கள். அதன் பிறகு சொல்லுங்கள்: உலை வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது. குளித்து, சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தப் பெட்டியில் உப்பு வைக்கக் கூடாது. பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். இதையெல்லாம் பக்கத்தின் மேல்பாதியிலேயே எழுதிவிடுங்கள். தேநீர் வந்துவிட்டால் அப்பா கீழ்ப்பாதியைப் படிக்கமாட்டார். பட்டறையை மூடு என்று மட்டும் எழுதாதீர்கள். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். தள்ளி வைத்துச் செய்ய வழி இருந்தால் அதை எழுதுங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தம்பியிடமிருந்து போன வார்த்தைகள் திரும்பி வருமா? இதற்கு மட்டும் பக்கத்தில் பதில் எழுதாதீர்கள். எல்லோர் முன்னாலும் அப்பா அதை உரக்கப் படிப்பார். அவர் குரல் அந்த இடத்தில் நிற்பதை நான் கேட்க முடியாது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அம்மா. உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால், அது ஏன், இது ஏன் என்று நாள் முழுக்க நச்சரித்து உங்களை எழுதவிடாமல் செய்ய வேண்டும்.

இப்படிக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் தாழ்ப்பாளுக்கு மேலே தட்டுவார். இது ரொம்பக் கீழே, உள்ளங்கையால் தட்டுவது. உருண்டைதான். வயிறு வலித்து எழுந்து வந்திருப்பான். திறக்கத்தான் வேண்டும், ஒரே நிமிடம், அவன் மட்டும் அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால்