உனக்கு ஏதடி பச்சையம்?

கிணற்றடிப் பலகைக்குக் கீழே கிடந்த ஜாம் போத்தலை இன்று காலை உம்மா கண்டுபிடித்துவிட்டார். மூடியைத் திறந்ததும் அழுகிய வைக்கோல் நாற்றம் குசினி அடுப்பு வரைக்கும் வந்தது.

"என்ன புள்ள இது, ஆடு செத்த மணம் மணக்குது! கொண்டு போய் ஊத்து."

நான் ஊற்றவில்லை. போத்தலைப் பறித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். பரமீசியங்கள். செருப்பு வடிவ உடம்பெல்லாம் பிசிர் அடித்துக்கொண்டு, எதிலாவது முட்டினால் பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி, மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. நோன்பின் தொடக்கத்தில் நீ ஊறப்போட்ட வைக்கோல் அது. நீ போய்விட்டாய். அவை ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

உன்மேல்தான் முதல் கோபம். உன்னை மையவாடியில் அடக்கிவிட்டார்கள்; நம் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. உன் தலைமாட்டில் நின்று ஏசவும் வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஞ்ஞான வகுப்பில் பெண்கள் நாம் இரண்டு பேர் மட்டும். இருந்ததோ ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. பொடியன்கள் பார்த்து முடித்து, இடைவேளை மணி அடித்த பிறகுதான் நமக்கு முறை வரும். நீ கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவாய், நான் படம் கீறுவேன். புரட்டிஸ்டா பாடம் தொடங்கிய அன்று சேர் சொன்னார்: "விலங்கிலயும் சேராது, தாவரத்திலயும் சேராது, பங்கசிலயும் சேராது. எங்கயும் சேராததையெல்லாம் இதுக்குள்ள போட்டு வெச்சிருக்கு." நீ என் காதுக்குள், "அப்ப நம்ம ரெண்டு பேரும் இதுக்குள்ளதான்டி" என்றாய்.

அதோடு அது நமக்கு விளையாட்டாகிவிட்டது. அமீபாவுக்கு நிலையான உருவம் இல்லை; சாப்பாடு இருக்கும் பக்கம் போலிப்பாதத்தை நீட்டி, சுற்றி வளைத்து விழுங்கிவிடும். அது கலியாணத் தரகர். சளியாக ஊரும் பூஞ்சணங்களில் ஒரு வகை, தீனி இருக்கும் மட்டும் தனித்தனியாகத் திரியும். தீனி குறைந்ததும் ஒன்றுகூடி ஒரே உடம்பாக ஊரும். அது கந்தூரிச் சோற்றுக்கு வரும் உன் சொந்தக்காரர்கள். கரைவலையில் சிக்கி வரும் பழுப்புக் கடற்பாசியும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி என்று படித்ததும், கடற்கரைக்குப் போய் ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். "இவ்வளவு பெருத்தும் இன்னும் ஒரு இடத்திலயும் சேர்க்கல்ல, பாவம்" என்று அதைத் தடவிக் கொடுத்தாய்.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியத்துக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. அதற்குக் கால் இல்லை, பிசிர் இல்லை, இரை தேடிப் போவதும் இல்லை. நுளம்பின் வாயால் வந்து, ஈரலுக்குள் ஒளிந்து, பிறகு இரத்தக் கலங்களுக்குள் புகுந்து உள்ளேயே தின்று பெருகும். கலம் வெடிக்கும்போது நடுக்கமும் காய்ச்சலும். அடுத்த கலங்களுக்குள் புகுந்ததும் காய்ச்சல் விடும். நோயாளி சுகம் என்று நினைப்பான். "அந்தளவு கெட்ட ஆள் நம்மட ஊரில இல்லடி" என்று நீதான் முடிவு சொன்னாய். அந்த வட்டத்தைக் கரும்பலகையில் பிழையில்லாமல் கீறியதும் நீதான். என்னால் பொறுக்க முடியாதது அதுதான். தெரியாதவள் செய்திருந்தால் நான் இவ்வளவு எரிய மாட்டேன்.

அறுவடைக்கு உன் வீட்டார் எல்லோரும் மேற்கே வயல் வட்டைக்குப் போனீர்கள். அங்கே வாடிக் குடிசையில் வெட்டுக்காரருக்குச் சோறு சமைத்துவிட்டு நடுக்கத்தோடு திரும்பி வந்தாய். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்து, மலேரியா என்று மூன்று நாளைக்குக் குளிசை தந்தார்கள். முதல் நாள் குளிசையோடு காய்ச்சல் விட்டது. அன்று மாலை நோன்புப் பிறை கண்டார்கள்.

போன வருட நோன்பிலும் உனக்குக் காய்ச்சல். அப்போது உன் மாமி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "விஞ்ஞானம் படிக்கிற குமரு நோன்ப உடுறதுக்குச் சாட்டுத் தேடுது." அதைக் கேட்ட உன் வாப்பா, இப்படிப் பேச்சு வருமானால் படிப்பு வேண்டாம் என்றார். அந்த ஒரு பேச்சை நீ ஒரு வருடம் உள்ளே வைத்திருந்தாய்.

போத்தலுக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"குளிசைய முடிச்சிட்டியா?"

"மிச்சம் கொம்பாஸ் பெட்டிக்குள்ள கெடக்கு."

"சுகமில்லாதவங்க நோன்ப உட்டுட்டுப் பிறகு பிடிக்கலாம்தானே?"

"அத எனக்குச் சொல்லாத, எங்கட மாமிக்குச் சொல்லு."

"சரி, நோன்பு திறந்துட்டாவது போடு."

"நாள் முழுக்கக் காஞ்ச வகுத்துல போட்டா சத்தி வரும். விடிய முந்தித் தின்னுற ஸஹர் சாப்பாடும் தங்காது. பிறகு எப்பிடி நோன்பு பிடிக்கிற? காய்ச்சல்தான் உட்டுட்டே." பிறகு சிரித்தாய். "நோன்புக்கு நாமெல்லாம் யூக்கிளினாடி. வெயில்ல வெளியாலருந்து ஒண்டும் எடுக்கிறல்ல, இருண்டாத்தான் தீனி."

"யூக்கிளினாக்குப் பச்சையம் இரிக்கு, வெயில்ல அதே சமைச்சுத் தின்னும். ஒனக்கு ஏதடி பச்சையம்?"

நீ இன்னும் பெரிதாகச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான் அது.

காய்ச்சல் திரும்பி வந்தபோதும் நீ மறைத்தாய். நடுங்கும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வகுப்பில் இருந்தாய். ஒரு பகல் உன் உம்மாவையே யாரென்று கேட்டாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் மலேரியா உன் மூளைக்கு ஏறிவிட்டிருந்தது.

நீ போன அன்று உன் வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மாமி என் கையைப் பிடித்து, "நோன்பு மாச மவுத்து புள்ள. குடுத்து வெச்சவ" என்றார். நான் கையை உருவிக்கொண்டேன். நம் பட்டியலில் காலியாகக் கிடந்த இடத்தில் அவரை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பிளாஸ்மோடியம் சத்தம் போடாது. மாமிக்குத் தான் என்ன சொன்னார் என்பதே நினைவில்லை.

பெருநாள் கழிந்து உன் உம்மாவைப் பார்க்கப் போனேன். உன் வாப்பா வாசலில் இருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: "படிப்ப நிப்பாட்டுறண்டு நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்ன, மகள். நிப்பாட்ட நெனக்கவே இல்ல."

ஒரு பேச்சுக்கு. கேட்கிறதா உனக்கு? அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னதை நம்பினாய். மாமி வாய்க்கு வந்தபடி சொன்னதை நம்பினாய். உன் கையாலேயே கரும்பலகையில் கீறியதை மட்டும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தை விடக்கூடாது என்றுதானே அந்தக் குளிசையை விட்டாய்? இப்போது வகுப்பில் நம் வாங்கில் நான் தனியாக இருக்கிறேன். நுணுக்குக்காட்டிக் கண்ணாடியை ஒரு கையால் திருப்பிக்கொண்டு மறுகையால் கீறுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

போத்தலுக்குப் புது வைக்கோல் போட்டுவிட்டேன். கிணற்றடியில் இருந்தால்தானே உம்மா ஏசுவார். இப்போது ஆய்வுகூட ஜன்னலில் இருக்கிறது.

என் தங்கச்சிக்கு முந்தநாள் அதே நடுக்கம் வந்தது. குளிசை என் கையில்தான். போட்டதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

"நாக்கத் தூக்கு."

"கைக்குது ராத்தா. நீங்க என்ன, பொலிசா?"

"ஓம். தூக்கு."

இன்று காய்ச்சல் இல்லை. முற்றத்தில் பாண்டி விளையாடுகிறாள். நாளைக்கு இன்னும் ஒரு வேளை இருக்கிறது. "எனக்குச் சுகமாயிட்டு, இனி வேணாம்" என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீயும் அப்படித்தான் சொன்னாய். அவள் அழுதாலும் விடமாட்டேன்.