தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறது

அன்பு மனைவிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? உன் முதுகுவலி தேவலையா?

போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. வேலையிடத்தில் சாரக் குழாய் ஒன்று நழுவித் தட்டியதில் தாடையெலும்பு கொஞ்சம் விரிசல் விட்டுவிட்டது. "ஆபரேஷன் பண்ணி பிளேட் வைக்கலாம். இல்லன்னா மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பியால சேர்த்துக் கட்டி, எலும்பு தானா ஒட்ட விடலாம்" என்றார் டாக்டர். கத்திக்குப் பயந்து கம்பி போதும் என்றேன். "வாயை மூடிட்டு நான் சொல்றதைக் கேளுங்க" என்பாயே, அது பலித்துவிட்டது. சோற்றைக்கூடக் கரைத்துத்தான் உறிஞ்சுகிறேன்.

அறை நண்பர் தபாலுக்குக் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு நீயே பேசு. ஆமாம் என்றால் போனை விரலால் ஒருமுறை தட்டுவேன், இல்லை என்றால் இருமுறை. "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்காதே. எத்தனை முறை தட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரன்