நானே பொறுக்கின பிராசசர்

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் போய்விட்டது. காலையில் பட்டனை அமுக்கினேன், உள்ளே ஒரு சின்ன 'டப்', பின்னாலேயே கருகின வாசனை. நூலகக் கட்டிடத்துக்கான பிளான் பாதியில் நிற்கிறது. ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டும் பிராசசரும் சேர்ந்தே போயிருக்கும்மா. மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்றார். வரைந்து வைத்ததெல்லாம் இருக்கும் டிஸ்க் பிழைத்தது. அந்த மட்டில் சரி.

இத்தனை வருஷமாக வீட்டிலிருந்தே கட்டிடங்களுக்குப் பிளான் வரைகிறேன். இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வீட்டுக்காரர் இருந்தார்.

மார்ச் 5, புதன்

வேலை கொடுக்கும் இன்ஜினியரிடம் சொன்னேன். "மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன்மா. அதுக்கு மேலன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்." கோபமே இல்லாமல் சொன்னார்.

ஹாஸ்டலிலிருந்து மகள் பேசினாள். "அப்பாகிட்ட கேளும்மா. அவருக்கு அஞ்சு நிமிஷ வேலை."

பார்க்கலாம் என்றேன். போன மழைக்காலத்தில் இரண்டு பெட்டியோடு இறங்கிப் போனவர். சண்டைகூட இல்லை. "ஒரே வீட்ல ரெண்டு பேர் தனித்தனியா வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு நமக்கு" என்றார். இருந்துட்டுப் போகட்டுமே, அதனால என்ன? அன்றைக்கு இது வாயில் வரவில்லை. இப்போ வந்து என்ன புண்ணியம்.

கேட்க மாட்டேன்.

மார்ச் 8, சனி

நாள் முழுக்க போனில் வீடியோக்கள். பேசுகிறவர்கள் எல்லாம் விளையாடுவதற்காகவே கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். எனக்கு வேண்டியதைச் சொல்ல ஆளில்லை. கடைசியில் ஒன்று புரிந்தது. பிராசசருக்குள் கணக்குப் போடுகிற 'கோர்' எத்தனை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். நான் கோடு போடும் மென்பொருளோ பெரும்பாலும் ஒரே கோரைத்தான் போட்டு வறுத்தெடுக்கிறது. மற்றவை கைகட்டி நிற்கும். ஆக, எனக்குக் கூட்டம் வேண்டாம், ஒன்று வேகமாக ஓடினால் போதும்.

கூட்டம் வேண்டாமாம். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்த சத்தம் ஹாலில் கேட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று காய்கறிக் கடையில் "பை இருக்கு" என்றேன். அதைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் நான் பொறுக்கி வைத்த பிராசசரின் பெயரைச் சொன்னதும், "படம் வரையறீங்களா மேடம்?" என்று கேட்டாள். கரெக்டாகப் பிடித்துவிட்டாள்! உள்ளுக்குள் ஒரே பெருமை.

போர்டில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டை எடுத்து வைத்தாள். "இது இந்தப் பிராசசரோட முடிஞ்சுது மேடம். அது, நாலஞ்சு வருஷம் கழிச்சு பிராசசரை மட்டும் மாத்திக்கலாம், போர்டு அப்படியே இருக்கும். உங்களுக்கு எப்படி? அஞ்சு வருஷம் கழிச்சும் இதே வேலைதானே பண்ணுவீங்க?"

அஞ்சு வருஷம் கழிச்சு. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். இந்த நாலைந்து மாதமாக அடுத்த வாரத்தைத் தாண்டி யோசித்ததே இல்லை. எந்த வீட்டில் இருப்பேன், மகள் எங்கே இருப்பாள், யார் கூட... ஏதோ பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி நின்றேன்.

"அதையே குடும்மா" என்றேன். எதை என்று கேட்டாள். "அஞ்சு வருஷம்" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

நானே பொருத்தினேன். பிராசசரை உட்கார வைத்து, கொக்கியை அழுத்தும்போது 'கறுக்' என்று ஒரு சத்தம். போச்சு, உடைச்சிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை. அது அப்படித்தானாம்.

ஆனால் திரை வரவில்லை. விசிறி சுற்றுகிறது, போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

மார்ச் 15, சனி

கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, சாயங்காலம் அவருக்குப் போன் பண்ணிட்டேன். ஏன் பண்ணினேன்?

"போர்டு நீயா வாங்கின?" என்றார். "எதுக்கும்மா உனக்கு இந்த வேலையெல்லாம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." பின்னால் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்க யாரோ நடந்து போகிற சத்தம்.

"நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றார். ரொம்ப அன்பாகத்தான்.

வேணாம்னு சொல்லிட்டேன். வச்சிட்டேன். அழுதேன், ஆமா, எழுதினா என்ன.

மார்ச் 16, ஞாயிறு

கடைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். உடையவும் இல்லை, பழுதும் இல்லை! போர்டு முன்னமே செய்து வைத்தது, பிராசசர் அதற்கப்புறம் வந்தது. அதனால் போர்டுக்கு இதை அடையாளம் தெரியவில்லையாம். ஒரு பைலை இறக்கி, பென் டிரைவில் போட்டு, போர்டின் பின்னால் செருகி, அங்கே ஒரு பட்டனை அமுக்க வேண்டுமாம். ஆனால் பென் டிரைவில் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே! நல்ல கூத்து.

கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் தனியாக இருக்கிறாள். படியில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். கதவைத் தட்டிவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் திறந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"லேப்டாப்தானே? வாங்கக்கா, உள்ள வாங்க." பைல் இறங்கும்போது சொன்னாள்: "மேல நீங்க நடக்கறது எனக்குக் கேக்கும்க்கா. நேத்து ரொம்ப நேரம் சத்தமே இல்ல. வந்து பாக்கலாமான்னு நெனச்சேன். தப்பா எடுத்துப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

கூடவே மேலே வந்தாள். பட்டனை அமுக்கினோம். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரை வந்ததும் என்னைவிட அவள்தான் கத்தினாள்.

மார்ச் 28, வெள்ளி

நூலகப் பிளான் கொடுத்தாச்சு. இன்ஜினியர் அடுத்த வேலையையும் அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அவர் தன் புத்தகங்களை எடுத்துப்போக வந்தார். நான் உள்ளறையில் வரைந்துகொண்டிருந்தேன். மணி அடித்ததும், ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்த நர்ஸ்தான் போய்த் திறந்தாள். "யாரு வேணும்?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. "இல்ல... புத்தகம் எடுக்க வந்தேன்" என்றார்.

"வாங்க, உட்காருங்க" என்றேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். சர்க்கரை எத்தனை என்று கேட்டுவிட்டேன். தெரியாமல் இல்லை, வாய் தானாகக் கேட்டது. அவரும் சொன்னார்.

அவர் போன பிறகு, "நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு" என்றாள் நர்ஸ்.

"நல்லவர்தான்" என்றேன். அவள் காபி ஆறிப்போயிருந்தது. சுட வைக்கப் போனேன்.